கண்ணாடியை வென்ற கண்மணி

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்று சொன்னவர் கைப்பேசியைக் கண்டதில்லை. தையற்காரி சொன்ன பொய்யை நான்கு லட்சம் பேர் பார்த்துப் பூரித்தார்கள்.

பொய்யென்று அறிந்து அவள் சொல்லவுமில்லை. மகளுக்கு இடக்கண் சோம்பல் கண். மருத்துவர் கண்ணாடி எழுதினார். நல்ல வலக்கண்ணை நாளும் நான்கு மணி நேரம் பட்டை ஒட்டி மூடச் சொன்னார். அப்போதுதான் இடக்கண் வேலை பழகும் என்றார். பிள்ளை அழுதாள். வகுப்பில் ‘ஒத்தைக்கண்ணி’ என்றார்கள். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் எவனோ ஒருவன் உபதேசித்தான்: உள்ளங்கையைத் தேய்த்துக் கண்ணில் ஒற்று, விழியைச் சுழற்று, இருபத்தோரு நாளில் கண்ணாடியைக் குப்பையில் போடு!

போட்டாள்; பட்டையையும் வீசினாள். இருபத்தோராம் நாள், மகள் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு, சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைக் கடைசி வரிவரை படித்தாள். ‘கண்ணாடியை வென்ற கண்மணி’ என்று பெயரிட்டுக் காணொளி பறந்தது. முகம் தெரியாத தாய்மார்கள் தையற்காரியைக் ‘கண் கொடுத்த அக்கா’ என்றார்கள்.

கணவனின் தங்கை கண் மருத்துவமனையில் பார்வை சோதிப்பவள். ஊரெல்லாம் பார்த்த பிறகு அவளும் பார்த்தாள். மறுநாள் காலையே வந்து நின்றாள்.

“வாங்க டாக்டரம்மா! வீட்டுக்கே சோதனைக்கு வந்துட்டீங்களோ?” என்றாள் தையற்காரி, தையல் இயந்திரத்தின் ஊசியில் நூல் கோத்தபடி.

“நான் டாக்டர் இல்ல அண்ணி. நாலு லட்சம் பேருக்கு வைத்தியம் பாக்குறது நீங்கதான். நான் குட்டியைப் பார்க்க வந்தேன்.”

அவள் கைப்பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்துக் குழந்தையின் வலக்கண்ணில் இடைவெளியின்றி ஒட்டினாள். சுவரிலிருந்த அட்டையைக் கழற்றிக் கையில் பிடித்தாள். “கண்ணு, அத்தைக்குப் படிச்சுக் காட்டு.”

“ப. ட, ம. க, ர, ல...” மகள் மடமடவென்று கடைசி வரியையும் முடித்துவிட்டு, “சரியா அத்தை?” என்று கைதட்டலுக்குக் காத்திருந்தாள்.

அத்தை காட்டிக்கொண்டிருந்தது அட்டையின் வெறும் முதுகு.

தையல் இயந்திரம் நின்றது.

“எழுத்து தெரிஞ்சுதா, கண்ணு?”

“வெள்ளையா தெரிஞ்சுது. எழுத்துதான் எனக்கு மனப்பாடமாச்சே! அம்மா பதினாலு தடவை படம் எடுத்தாங்க. தப்பா சொன்னா மறுபடியும் முதல்லேருந்து எடுப்பாங்க.”

நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். “அண்ணி, ஏழு வயசு முடியப்போகுது. நாள் போகப் போக இந்தக் கண்ணு நம்ம பேச்சைக் கேக்காது. நாளைக்கே கூட்டிட்டு வாங்க. நடந்ததையும் எல்லாருக்கும் சொல்லிடுங்க. உங்களைப் பார்த்து எத்தனை பிள்ளைங்க பட்டையைக் கழட்டிச்சோ!”

தையற்காரி மகளின் கண்ணைப் பார்த்தாள். பிறகு கைப்பேசியைப் பார்த்தாள். ‘அக்கா, நாங்களும் பட்டையை வீசிட்டோம், நீங்க தெய்வம்’ என்று யாரோ ஒருத்தி அப்போதுதான் எழுதியிருந்தாள். பீடத்தில் ஏறிய தெய்வம் தானாக இறங்கியதுண்டோ?

“உனக்குப் பிள்ளை இல்லைங்கிற வயித்தெரிச்சல்” என்றாள். “என் பிள்ளையை நாலு பேர் மெச்சுறது பொறுக்கல. கிளம்பு.”

நாத்தனார் கைப்பையை எடுத்துக்கொண்டாள். “அண்ணன்கிட்ட சொல்றேன்.”

“தாராளமா சொல்லு. படம் எடுக்க விளக்கு வாங்கிக் கொடுத்ததே உங்கண்ணன்தான்.”

கதவு சாத்தப்பட்டது. தான் பெற்ற கண்ணொன்று அவிந்துகொண்டிருப்பது தாய்க்கு இப்போது தெரியும். அறியாமல் செய்த பிழை அந்தக் கதவோடு முடிந்தது. இனிச் செய்வது அறிந்தே.

துணிக்குக் குறியிடும் மேசையில் புதிய அட்டையை விரித்தாள். எழுத்துகளை வரிசை மாற்றி எழுதினாள்.

“அடுத்த படத்துலயும் பழசையே காட்டினா சந்தேகப்படுவாங்க. இதைப் படிச்சுக்கோ.”

“எத்தனை வரிம்மா?”

“ஏழு. நாளைக்குள்ள வரணும்.”

பட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு, மகள் அட்டையை ஒருமுறை பார்த்தாள். பிறகு, பாடம் நன்றாக மனத்தில் ஏறுவதற்காக, இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு ஒப்பிக்கத் தொடங்கினாள்.