அபிலியோ வீட்டு ஜெபம்

அடுத்த ஞாயிறு ஜெபக்கூட்டத்தைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று அபிலியோ கேட்டதும், பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒலிண்டாவைப் பார்த்தார்கள். திமோர் மலைமேல் இருக்கும் அந்தக் காப்பித்தோட்ட ஊரில் வாரம் ஒரு வீடாக அன்பியம் என்னும் ஜெபக்குழு கூடும். வேதம் வாசித்து விளக்குபவள் ஒலிண்டாதான்.

இந்தோனேசியாவிடமிருந்து விடுதலைக்கு வாக்கெடுப்பு நடந்த வருடம், விடுதலை வேண்டாம் என்ற கும்பலோடு சேர்ந்து இந்த ஊருக்குத் தீ வைத்தவன் அபிலியோ. கைக்குழந்தையோடு காட்டுக்கு ஓடினாள் ஒலிண்டா. மலைக்குளிரில் காய்ச்சல் கண்டு குழந்தை அங்கேயே இறந்துபோனது. எல்லை தாண்டிப் போன அபிலியோ தலை நரைத்து, அந்தப் பக்கத்து மனைவி யூலியானாவோடு இப்போதுதான் திரும்பியிருந்தான். கூட்டங்களில் வாசலோரமாகவே உட்காருவான். உள்ளே வா என்று யாரும் சொன்னதில்லை, போ என்றும் சொன்னதில்லை.

ஒலிண்டா வருவதாகச் சொன்னாள். அவள் கணவன் மார்சாலினோ, அந்தக் கூரைக்குக் கீழே தன்னால் முழங்கால் போட முடியாது, நீ போவதென்றால் போ என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டான். அந்த வாரத்து வாசகம், ஊரே வெறுத்த வரிவசூல்காரனை இயேசு தன் பின்னால் வரச் சொல்லி, அவன் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த பகுதி. பக்கத்து வீட்டு சுல்மிரா அதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அவர் போனாரு, சரி. அந்த வரிக்காரன் அவரு வீட்டையா கொளுத்தினான்?"

வாரம் முழுக்க ஒலிண்டா அதற்குப் பதிலை வேதத்தில் தேடினாள்.

ஞாயிறு மதியம் ஐந்தாறு பேர்தான் போனார்கள். சுல்மிராவும் வந்தாள். யூலியானா புதுப் பாய் விரித்து, அவித்த மரவள்ளிக்கிழங்கை மூடி வைத்திருந்தாள். ஒலிண்டா வாசித்து முடித்தாள். அவள் விளக்கத்தைத் தொடங்குமுன் அபிலியோ பேசினான்.

"அக்கா, உங்க வீட்டுக்கு நெருப்பு வச்சது நான்தான்."

ஊருக்கே தெரிந்ததுதான். அவன் வாயால் யாரும் கேட்டதில்லை.

"தெரியும்," என்றாள் ஒலிண்டா. பிறகு, இத்தனை வருடமும் யாரிடமும் கேட்க வழியில்லாமல் இருந்ததைக் கேட்டாள். "வைக்கிறதுக்கு முன்னாடி உள்ள பார்த்தியா? எம்புள்ள தூங்கிட்டு இருந்திருந்தா?"

அவன் தலை குனிந்தே இருந்தது.

"பார்க்கலக்கா."

சுல்மிரா சிலுவை போட்டுக்கொண்டாள். யூலியானா தோள்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒலிண்டா வேதத்தை மூடி மடியில் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். பிறகு கர்த்தர் கற்பித்த ஜெபத்தை அவளே தொடங்கினாள். பிறர் குற்றங்களை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்னும் வரியில் அவள் குரல் நின்றது. மற்றவர்கள் அதைத் தாண்டிப் போகாமல் காத்திருந்தார்கள். அவள் சொல்லி முடித்த பிறகுதான் சேர்ந்துகொண்டார்கள்.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. இறங்கும் பாதை செம்மண் குழம்பாகக் கிடந்தது. மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். பார்த்தேன் என்று அவன் சொல்லியிருக்கலாமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒலிண்டா நினைத்துக்கொண்டே நின்றாள். அபிலியோ அவளுக்கு முன்னால் இறங்கி, குதிகாலைச் சேற்றில் ஊன்றி, மேலே பார்த்துக் கையை நீட்டினான்.

அந்தக் கையை அவள் பார்த்தாள், பிடிக்கவில்லை. கொஞ்சம் குனிந்து, அவன் தோள்மேல் உள்ளங்கையை அழுத்தி, ஒரு காலைக் கீழே வைத்தாள். அவன் அசையாமல் நின்றான்.