ஓரம் தேயாத இருக்கை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறந்ததல்ல. வாகன மாத இதழ் ஒன்றுக்கு எழுத ஒப்புக்கொண்ட கட்டுரை. தலைப்பையும் அவர்களே கொடுத்திருந்தார்கள்: 'பழைய ஸ்போர்ட்ஸ் காரை நேரில் பார்க்காமல் வாங்குவோர் ஏமாறாதிருக்க.' என்னிடம் சைக்கிள்கூடக் கிடையாது. அதனால் பாரபட்சமில்லாமல் எழுதுவேன் என்று இதழின் ஆசிரியர் நம்பினார். அவருடைய விசிட்டிங் கார்டில் 'முதன்மை வாகன வாழ்வியல் சிந்தனையாளர்' என்று போட்டிருக்கும். (சிந்தனையாளர் வீட்டுக்குப் போவது பஸ்ஸில்.)

முதல் பத்தி ஒழுங்காகத்தான் வந்தது. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்வதை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்த எஞ்சின் எல்லா நோயையும் மறைக்கும். வண்டியின் அடிவயிற்றைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விற்பவரின் ஊரிலேயே, விற்பவருக்கு மச்சானோ மாமனோ அல்லாத ஒரு மெக்கானிக்கைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சை எழுத்தில் வாங்குங்கள். வண்டி கைக்கு வந்து, சரிபார்த்து முடிக்கும்வரை பணம் நடுவர் ஒருவரிடம் இருக்கட்டும்.

இரண்டாவது பத்திக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. ஓர் ஆளைக் கற்பனை செய்தேன். வந்தார். அவரோடு இன்னொருவரும் வந்தார். அந்த இன்னொருவரை நான் கூப்பிடவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'சிவப்பு நிறக் கார் லாரியிலிருந்து இறங்கியபோது தெருவே திரும்பி…' வேண்டாம். தெருவே திரும்பிப் பார்க்கிற கதைகளில் தெருவுக்கு வேறு வேலையே இருப்பதில்லை.

அடுத்த முயற்சி: 'அந்தக் காலியான இருக்கையில்…' இதைத் திரும்பத் திரும்ப எழுதினேன். ஒவ்வொரு முறையும் 'காலியான' என்ற சொல் வந்ததும் பேனா நின்றது. அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

கடைசியில், எந்த அலங்காரமும் இல்லாமல், இப்படி:

அவர் ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். படம் எடுப்பது சம்பளம் வாங்கும் ஆளின் வேலை. எடுத்த படத்தைத் திருத்துவது அவருடைய வேலை. பருவை எடுப்பார். நரையை எடுப்பார். கல்யாணக் குழுப் படத்திலிருந்து, பிற்பாடு பகையாகிப்போன சித்தப்பாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் திரைச்சீலையை வளர்த்துவிடுவார். வட்டாரத்தில் அவருக்கு 'டச்சப்' என்றே பேர். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டார்.

ஸ்டூடியோவின் முன்மேசையில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களைச் சமாளித்தது அவர் மனைவி. ஒருநாள் சுவரில் மாட்டியிருந்த சொந்தக் குடும்பப் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"என் மோவாயில இருந்த மரு எங்கங்க?"

"அது எதுக்கும்மா, அசிங்கமா இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"எப்ப?"

"அது ஆச்சு, பல வருஷம்."

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் பெட்டி கட்டிவிட்டாள். "நான் இருக்கும்போதே என்னை அழிச்சிட்டீங்க. இனிமே அந்தப் படத்தோடயே குடும்பம் நடத்துங்க" என்பதுதான் வாசலில் சொன்ன கடைசிப் பேச்சு.

மாதக் கணக்கில் கெஞ்சிய பிறகு ஒருநாள் போனில் இறங்கி வந்தாள். கல்யாணமான புதிதிலிருந்தே அவளுக்கு ஓர் ஆசை உண்டு. பின்சீட்டே இல்லாத கார். மாமியாரையோ மச்சினனையோ மூட்டையையோ ஏற்ற இடமில்லாத கார். இரண்டே பேர். அவர் எப்போதும் 'அப்புறம் பாக்கலாம்' என்பார். இப்போது வாங்கிவிடுவதாகச் சொன்னார்.

"சரி, அதுல வந்து கூப்பிடுங்க, வர்றேன்" என்றாள். "ஆனா ஒண்ணு. இனிமே என்கிட்ட எதையும் டச்சப் பண்ணக்கூடாது. ஒரு தடவ பண்ணினாலும், அதோட சரி."

சத்தியம் செய்தார். உண்மையாகத்தான் செய்தார். ஆனால் அவருடைய கைக்கு அந்தச் சத்தியம் தெரியாது.

3

விளம்பரம் தூரத்து ஊரிலிருந்து வந்தது. விற்பவர் ஒரு பல் டாக்டரம்மா. பாம்பின் கால் பாம்பறியும் என்று நம்மவர் ஒவ்வொரு படத்தையும் புள்ளி புள்ளியாகப் பெருக்கிப் பார்த்தார். எங்கும் திருத்தம் இல்லை. பம்பரில் இருந்த கீறல் கீறலாகவே இருந்தது. தொழில்ரீதியாக அவருக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

"மேடம், விபத்து ஏதாவது?"

"வண்டிக்கு ஒரு அடிகூடப் படல" என்றது ஒரு மென்மையான குரல்.

"பெயிண்ட்?"

"கம்பெனில அடிச்சதுதான்."

"அப்புறம் ஏன் விக்கறீங்க?"

"எனக்கு இடம் பத்தல."

வீட்டில் ஷெட் சின்னதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.*

* இந்த டாக்டரம்மா மேல் எனக்கே சந்தேகம். கேட்ட கேள்விக்கெல்லாம் இவ்வளவு நேராகப் பதில் சொல்லும் பாத்திரத்தை நான் எழுதுவதில்லை. பொய் சொல்ல வைக்கப் பார்த்தேன். மசியவில்லை.

மெக்கானிக்கை ஏற்பாடு செய்தார், ஆறிய எஞ்சினைக் கேட்டார், அடிவயிற்றைப் பார்த்தார். என் கட்டுரையின் முதல் பத்தியில் ஒரு வரியைக்கூட விடவில்லை. எல்லாப் படத்திலும், எல்லா வீடியோவிலும், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் பெல்ட் மாட்டியே இருந்தது. சுத்தமான மனுஷி என்று பாராட்டினார்.

மூன்றாவது படத்தில் மட்டும் அந்த இருக்கையின் நடுவில் ஒரு பள்ளம். மனைவிக்கு அனுப்பும் முன், கை தானாகப் போய் அதை மெழுகிவிட்டது. திருட்டுத்தனம் என்றுகூடச் சொல்ல முடியாது. சிலர் நடக்கும்போது வேட்டியை இழுத்துவிட்டுக்கொள்வார்களே, அப்படி. 'சீட்டு அழகா இருக்கு' என்று பதில் வந்தது.

4

கார் வந்தது. சாவியைத் திருகி, எந்தப் படத்திலும் கழற்றப்படாத அந்தப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, தெருவை ஒரு சுற்று வந்தார். பீப், பீப், பீப் என்று கத்தியது. தன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார், மாட்டித்தான் இருந்தது. சத்தம் பக்கத்து இருக்கைக்கானது. திரும்ப மாட்டினார். நின்றது.

உள்ளூர் மெக்கானிக் ஷெட்டில் விஷயம் எளிதாக இருந்தது.

"சீட்டுக்கு அடியில சென்சார் இருக்கு சார். ஆள் உக்காந்தா பெல்ட் போடச் சொல்லிக் கத்தும்."

"ஆளே இல்லையேப்பா."

"அதான் சார், சென்சார் அவுட்டு."

புது சென்சார் போட்டான். கத்தியது. ஒயரை மாற்றினான். கத்தியது. மதிய வெயிலில் ஷெட்டுக்குள் அந்தச் சத்தம் ஒரு பொறுமைசாலியின் குரல்போல, ஏறாமல் இறங்காமல், கேட்டுக்கொண்டே இருந்தது.

"நீ அதுல உக்காந்து ஒரு தடவ பாரேன்."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "காலையிலயே உக்காந்தேன் சார்."

"அப்புறம்?"

"யாரோட மடியிலயோ உக்காந்த மாதிரி இருந்துச்சு. பெல்ட்டை மாட்டியே ஓட்டுங்க சார். எதுக்கு வம்பு."

5

இங்கே கட்டுரை திரும்பவும் தலைநீட்டுகிறது. சொன்னதற்கும் வந்ததற்கும் வித்தியாசம் தெரிந்தால் என்ன செய்வது? உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள். படமெடுங்கள். விற்றவருக்கும் நடுவருக்கும் எழுதுங்கள். திருப்பித் தருகிறீர்களா, விலையில் குறைக்கச் சொல்கிறீர்களா, பழுது பார்த்துத் தரச் சொல்கிறீர்களா என்று தெளிவாகக் கேளுங்கள். குறை தெரிந்த பிறகும் ஓட்டினால், ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

இதழாசிரியரிடம் இதுவரை எழுதியதைப் போனில் படித்துக் காட்டினேன்.

"சார், நம்ம வாசகர்கள் நடைமுறைவாதிகள். சென்சார் கோளாறுன்னு முடிச்சிடுங்க."

"சென்சாரை மாத்தியாச்சுங்களே."

"வேற கம்பெனி சென்சாரா போடுங்க சார்."

சிந்தனையாளர் அல்லவா. வைத்துவிட்டார். நம்மவர் டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்.

"மேடம், விளம்பரத்துல ரெண்டு சீட்டுன்னு போட்டிருந்தீங்க."

"ரெண்டு சீட்டுதானே."

"ஒண்ணுல ஆள் இருக்கே!"

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. டாக்டரம்மா, ஊசி போடும் முன் பேசுகிற குரலில், "மூணாவது படத்தைப் பாருங்க. நான் எதையும் மறைக்கல. நல்லா பெருசாக்கிப் பாருங்க" என்றாள்.

அவள் அனுப்பிய மூலப் படத்தைத் திறந்தார். அன்று பழசு என்று நினைத்து மெழுகிய பள்ளத்தை இப்போதுதான் பார்த்தார். கார் இருக்கை முதலில் தேய்வது ஓரத்தில். ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பு உரசுகிற இடத்தில். இந்த இருக்கையின் ஓரத்தில் தையல் புதிதாக, நூல்கூடப் பிரியாமல் இருந்தது. நடுவில் மட்டும் பள்ளம். யாரோ ஏறியிருக்கிறார்கள், அல்லது ஏறக்கூட இல்லை, உட்கார்ந்திருக்கிறார்கள். இறங்கியதே இல்லை.

"யாரு மேடம் அது?"

"தெரியாதுங்க. நான் வாங்கும்போதே இருந்தாங்க. எனக்கு வித்தவரு படம்கூட அனுப்பல." ஒரு பெருமூச்சு. "திருப்பி அனுப்புங்க, தப்பே இல்ல. பணம் நடுவர்கிட்ட அப்படியே இருக்கு, லாரியை நான் அனுப்பறேன். ஆனா இதுக்கு மேல ஓட்டாதீங்க. ஓட்டினா உங்களோடது."

"வண்டியா?"

"எல்லாமே."

இவ்வளவு நாணயமான விற்பனையாளரை உலகம் கண்டதில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

போனை வைத்த சூட்டோடு மனைவியின் அழைப்பு.

"வண்டி வந்தாச்சாமே? ஸ்டூடியோப் பையன் சொன்னான். நாளைக்கு வருவீங்கல்ல? பையெல்லாம் கட்டி வெச்சிட்டேன்."

6

முடிவு, இதழுக்கு ஏற்றது: வண்டியைத் திருப்பி அனுப்ப முடிவு செய்கிறார். லாரி வருகிறது. பணம் வருகிறது. வாசகர் பயன் பெறுகிறார். மனைவியிடம் 'இன்னும் கொஞ்ச நாள்' என்கிறார். அவளுக்கு அந்த வாக்கியம் மனப்பாடம். பையைப் பிரித்துத் துணிகளை அக்கா வீட்டு அலமாரியில் அடுக்குகிறாள், இந்த முறை உள்தட்டில்.

[இதை எழுதி முடித்தேன். படித்துப் பார்த்தபோது, லாரி வரும் வரி தாளில் இருந்தது. லாரியில் கார் ஏறும் வரியைக் காணோம். எழுதியதாகத்தான் ஞாபகம்.]

முடிவு, சாமர்த்தியசாலிகளுக்கு ஏற்றது: இருக்கையை மட்டும் கழற்றி வேறு போடுகிறார். மெக்கானிக் ஸ்பானரோடு குனிகிறான். "சார், இது போல்ட்டுனால நிக்கல சார், போல்ட்டை எல்லாம்…"

வேண்டாம். அந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் போதவில்லை.

அவர் ஓட்டினார். நான் எழுதி ஓட்டவைத்ததல்ல. மறுநாள் காலை பார்க்கும்போது சாலையில் இருந்தார். பக்கத்துப் பெல்ட்டை மாட்டிவிட்டிருந்தார். நகரம் முடிந்து வெட்டவெளி வந்தது. ஒரு நாய் குறுக்கே பாய, பிரேக்கை அழுத்தினார். பக்கத்துப் பெல்ட் முன்னால் இழுபட்டு, விறைத்து, எதையோ தாங்கிப் பிடித்து, மெல்லப் பின்வாங்கியது.

"மன்னிச்சுக்கங்க" என்றார் டச்சப். மரியாதை தெரிந்த மனுஷன்.

மனைவியின் அக்கா கேட்டைத் திறந்தாள். "என்ன தம்பி, வண்டின்னீங்க, சோப்பு டப்பாவை ஓட்டிட்டு வந்திருக்கீங்க? இவ பையை மடியிலதான் வெச்சுக்கணுமா?"

"நீ சும்மா இரு அக்கா" என்று பின்னாலேயே வந்தாள் மனைவி. புதுப் புடவை. கார் ஓடிக்கொண்டிருந்தது, அணைக்க அவருக்குத் தோன்றவில்லை. கண்ணாடி வழியே உள்ளே குனிந்து பார்த்தாள். கைப்பேசியை எடுத்து அவர் அனுப்பிய படத்தைப் பார்த்தாள். மறுபடி உள்ளே பார்த்தாள்.

"படத்துல இந்தப் பள்ளம் இல்லையே."

[இந்த இடத்தில் அவருக்கு ஒரு பொய்யை எழுதிக் கொடுத்திருந்தேன்: "வெயில்ல அப்படித் தெரியுது." நல்ல பொய், தையல்கூடத் தெரியாது. அவர் வாங்கிக்கொள்ளவில்லை.]

"நான்தான் எடுத்துட்டேன்" என்றார்.

அக்கா வாயைத் திறந்தாள். தங்கை கையைக் காட்டி நிறுத்தினாள். "எதுக்கு பெல்ட்டு மாட்டியிருக்கு? யாராவது உக்காந்திருக்காங்களா?"

"ஆமா."

"யாரு?"

"தெரியல. வாங்கினப்பவே இருந்தாங்க. திருப்பிக் குடுத்திருக்கலாம். குடுத்தா நீ வரமாட்டியேன்னு ஓட்டிட்டு வந்துட்டேன்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். சிரிக்கப்போகிறாளா அழப்போகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. "இத்தன வருஷத்துல ஒரே ஒரு உண்மை சொல்லியிருக்கீங்க. அதுவும் பாருங்க, எந்த மாதிரி உண்மைன்னு." பையை அக்காவிடம் கொடுத்தாள். "இறங்குங்க. நான் ஓட்டறேன்."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"இங்க வந்து கத்துக்கிட்டேன். நீங்க கேட்டாதானே சொல்றதுக்கு."

இறங்கினார். அவள் ஏறி உட்கார்ந்தாள், கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள், பக்கத்தில் சாய்ந்து அந்தப் பெல்ட்டைக் கழற்றினாள். பீப், பீப், பீப். அவர் காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கக் கதவுக்கு விரைந்தார். மதிய வெயில் கண்ணாடியில் தகதகத்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை, தன் முகம்தான் தெரிந்தது. கைப்பிடியில் கை வைத்தபோது உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது, வெகு நாளாக அவர் கேட்காத இதமான குரல்:

"பெல்ட்டைப் போட்டுக்கங்க. கெளம்பலாம்."

அவர் இன்னும் வெளியேதான் நிற்கிறார்.

பீப் சத்தம் நின்றுவிட்டது.

அடுத்த வரி என்னிடம் இல்லை. இருந்தாலும் தர மாட்டேன். கதவைத் திறந்து அவரை உட்காரவைப்பதா, யார் மடியில், அல்லது கையை எடுத்துவிட்டு அக்காவின் பக்கத்தில் தெருவில் நிற்கவைப்பதா, நீங்களே சொல்லுங்கள். ரொம்ப யோசிக்காதீர்கள். அவள் கியர் போட்டுவிட்டாள்.