ஏழு குண்டுகள், ஒன்பது குழிகள்

செத்த பிறகும் மேசையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறானே.

ஆர்டிஸ் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பக்கத்துப் பண்ணை நொரீன் இரண்டு கைகளிலும் துண்டைச் சுற்றிக்கொண்டு, உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் கொதித்துக்கொண்டிருந்த கண்ணாடிப் பாத்திரத்துடன் சமையலறை வாசலில் நின்றாள். அதை வைக்க இடமில்லை. அடுப்பு மேடையில் ஏற்கெனவே நான்கு வீட்டுப் பாத்திரங்கள். சாப்பாட்டு மேசையில், பழைய செய்தித்தாளின் மேல், அவள் கணவன் வெர்லினுடைய டீசல் பிக்கப் வண்டியின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆறு வாரமாகக் குடலைப் பரப்பிக் கிடந்தது. கிளட்ச் தகடுகள், வளையங்கள், பற்சக்கரங்கள், எண்ணெயில் ஊறும் ரப்பர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் எண் எழுதிய ஒரு துண்டுக் காகிதம்.

நொரீன் பாத்திரத்தை வாசற்படியிலேயே இறக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

"நீ உக்காரு. நான் பாத்துக்கறேன். நாளைக்குச் சர்ச்சுலேர்ந்து அம்பது பேரு வருவாங்க. இந்தக் குப்பைய வச்சுக்கிட்டு எங்க சோறு போடுவ?"

அலமாரியின் அடியிலிருந்து துணிக்கூடையை இழுத்தாள். ஒரு கையால் மேசையோரத்தில் அணை கட்டி, இன்னொரு கையால் வழித்தாள். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கூடைக்குள் விழுந்தன. தடுக்க நீட்டிய கையை ஆர்டிஸ் மடக்கிக்கொண்டாள். ஒன்றிலிருந்து அறுபத்திரண்டுவரை ஆர்டிஸ் எழுதிய துண்டுக் காகிதங்களைச் செய்தித்தாளோடு சுருட்டிக் குப்பையில் போட்ட நொரீன், ஒரு திருகாணிகூடத் தொலையவில்லை, எல்லாம் கூடைக்குள்தான் இருக்கிறது என்று ஆறுதல் சொன்னாள். பிறகு சோப்பு நீரால் மேசையைத் துடைத்தாள். மரத்தில் ஊறிய எண்ணெய் வட்டங்கள் போகவில்லை. அதன் மேல் விரிப்பைப் போட்டாள்.

"அடியில எதாவது வை. சூடு மேசையில இறங்கிடும்."

ஆர்டிஸ் துண்டுகள் வைக்கும் இழுப்பறையைத் திறந்தாள். கையில் தட்டுப்பட்டது துண்டு அல்ல, கெட்டி அட்டை போட்ட நோட்டு. ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டு எடுத்து மேசையின் நடுவில் வைத்தாள். நொரீன் பாத்திரத்தை அதன்மேல் வைத்தாள்.

அந்த நோட்டைப் பற்றி வெளியில் யாருக்கும் தெரியாது. தெரிந்த இருவரில் ஒருவன் ஊரின் சவச்சாலையில் கிடந்தான்.

வெர்லினுக்குப் படிக்க வராது. பெயரை எழுதுவான், சந்தையில் மாட்டின் விலையைப் படிப்பான். ஒரு பக்கத்தை நீட்டினால் எழுத்துகள் எறும்பாக ஊர்கின்றன என்பான். கல்யாணமான புதிதில் ஒருமுறை அதை அவளிடம் சொல்லி அழுதான். அதன் பிறகு அதற்காகவே அவளை மன்னிக்காதவன்போல இருந்தான். மாட்டு டிரெய்லரை மேட்டில் இழுக்கும்போது கியர் எரிந்து வண்டி நின்றதும், பட்டறையில் சொன்ன தொகையைக் கேட்டு, "நானே பண்ணுவேன்" என்றான். உதிரிகள் ஒரு பெட்டியில் வந்தன. முந்நூறு பக்கக் கையேட்டை இரண்டாம் கையாக வாங்கினான். ஆறு வாரமும் இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பின் அவள்தான் அதை உரக்கப் படித்தாள். கழற்றக் கழற்ற அந்த நோட்டில் வரிசை எழுதினாள், படம் வரைந்தாள். அவன் விரல் நுழையாத இடங்களில் அவள் விரல் நுழைந்தது. அங்கிருந்த சிறு எஃகுக் குண்டுகளை வாஸ்லைன் களிம்பு தடவி ஒட்டி அதனதன் குழியில் உட்கார வைத்துப் பழகினாள்.

தீவனக் கடையில் மற்றவர்களிடம் அவன் சொன்னது வேறு. எல்லாம் மண்டைக்குள்ளேயே இருக்கிறது என்று தட்டிக் காட்டுவான். ஆர்டிஸ் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் தம்பி லைல் வந்திருந்தான். அண்ணன் வளையம் ஒன்றைப் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அது தலைகீழா இருக்கு, சாய்வு மேல பாக்கணும்," என்று ஆர்டிஸ் சொல்லிவிட்டாள். யோசிக்காமல் வந்துவிட்ட பேச்சு. வெர்லின் நிமிரவில்லை.

"கேட்டியா லைல்? ஸ்க்ரூ எந்தப் பக்கம் திரும்பும்னே தெரியாது இவளுக்கு. எனக்குப் பாடம் எடுக்கறா."

லைல் சிரித்தான். அவளும் சிரித்தாள். லைல் போனதும் வெர்லின் வளையத்தைக் கழற்றி, சாய்வை மேலே வைத்துப் பூட்டினான். பிறகு அவளோடு பேசவில்லை. திங்கள் முழுவதும் பேசவில்லை.

செவ்வாய் மதியம் கொட்டகை வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிட்டாள். எண்ணெய் போகும் குழாய்களைக் கழுவுவதற்காக வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். இரண்டு பூட்சுகள் மட்டும் தெரிந்தன. பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். சரி, இருக்கட்டும் என்று திரும்பி வந்து, மேடையோரம் நின்றபடியே சூப்பைக் குடித்தாள். அவன் தட்டை மூடி வைத்தாள். துணி மடித்தாள். ஒன்றரை மணிநேரம் கழித்து அவள் போய்ப் பார்த்தபோதும் பூட்சுகள் அதே கோணத்தில் இருந்தன.

இதயம் நின்றுவிட்டது என்றார் பரிசோதித்தவர். பன்னிரண்டு மணிக்கு முன்னாடியே உயிர் போயிருக்கும், நீங்கள் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். அவன் பேசாமல் இருப்பதற்கும் செத்துக் கிடப்பதற்கும் வித்தியாசம் தனக்குத் தெரியவில்லை என்பதை ஆர்டிஸ் அவரிடம் சொல்லவில்லை.

நொரீன் போய்விட்டாள். கொட்டகைப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. காலையிலேயே லைல் போனில் எல்லாம் சொல்லியிருந்தான். அவர்கள் அப்பா தன் சொந்த லாரியில்தான் கல்லறைக்குப் போனார். வெர்லின், தானும் என்றைக்காவது அப்படித்தான் போக வேண்டும் என்று குடித்தபோதெல்லாம் சொல்லுவான். பாஸ்டரும் சரி என்றுவிட்டார். நாளை இரண்டு மணிக்கு அடக்கம். அதற்குள் கியர்பாக்ஸைப் பூட்டிவிடலாம், இரண்டு நண்பர்களோடு வருகிறேன் என்றான். வந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு போனான். மேசை காலியாக இருந்ததைப் பார்த்தபோது மட்டும் அவன் முகம் மாறியது.

இப்போது கையில் ஒரு தடித்த அலுமினியப் பலகையோடு திரும்பி வந்தான். பலகை முழுக்கப் புழு அரித்த மாதிரி வாய்க்கால்கள். முழங்கைவரை எண்ணெய். அண்ணனுடைய காதுகள் அவனுக்கும்.

"அண்ணி, இதுல ஒன்பது குழி இருக்கு. குண்டு ஏழுதான் கிடைச்சுது. ரெண்டு தொலைஞ்சிருச்சா, இல்ல ரெண்டு குழி காலியா இருக்கணுமா?"

காலியாக இருக்க வேண்டும். இடது ஓரத்தில் ஒன்று, நடுவில் நீள்வட்டமாக இருப்பது ஒன்று. ஏழு குண்டுகளில் ஒன்று மட்டும் பெரியது. அது எங்கே போக வேண்டும் என்று ஆர்டிஸ் கண்ணை மூடிக்கொண்டே காட்டுவாள்.

"தகடு வரிசையும் புரியலை. புஸ்தகத்துல மூணு மாடலுக்கும் சேத்துப் போட்டிருக்கான். அண்ணன் எதாவது குறிச்சு வச்சிருக்காரா?"

"அவரு எதையும் குறிச்சு வைக்கறவரா?"

"அதான். எல்லாம் மண்டைலயே வச்சுக்கிட்டுப் போயிட்டாரு." லைலின் குரல் உடைந்தது. பலகையை மார்போடு அணைத்துக்கொண்டான். அவன் சட்டையில் எண்ணெய் பரவியது. "ஆறு வாரமா அவர் பக்கத்துலயே இருந்தீங்க. கொஞ்சம் கொட்டகைக்கு வந்து பாருங்க அண்ணி. பாத்தா ஞாபகம் வரும்."

ஆர்டிஸ் அவனைப் பார்த்தாள். கெட்டவன் இல்லை. கொட்டகைக்கு நாற்பது அடி. எழுந்து போனால் இருட்டுவதற்குள் எல்லாம் உட்கார்ந்துவிடும். நாளை வண்டி மெதுவாகச் சர்ச்சைத் தாண்டிப் போகும். ஓரத்தில் தொப்பியைக் கழற்றி நிற்பவர்கள் சொல்வார்கள்: முழுக்க அவன் கையால செஞ்சது.

"ஸ்க்ரூ எந்தப் பக்கம் திரும்பும்னே தெரியாதே லைல், எனக்கு."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. லைலுக்கு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்ததா என்று தெரியவில்லை. பலகையைக் கை மாற்றிப் பிடித்தான்.

"அண்ணி, அது அவர் ஆசை."

"தெரியும். சவச்சாலைக் கார் இருக்கில்ல? அதுல வரட்டும்."

நாற்காலியை இழுத்து மேசையருகே உட்கார்ந்தாள். ஆறு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். கரண்டியால் பாத்திரத்தின் பழுப்பு ஏட்டைக் குத்தினாள். ஆவி மேலே வந்தது. ஒரு தட்டில் போட்டு லைலின் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காரு. கையக் கழுவிட்டு வா, ஆறிடும்."

அவன் நின்றுகொண்டே இருந்தான். அவள் தனக்கும் போட்டுக்கொண்டாள். பாத்திரம் லேசாக நகர்ந்ததில் அதன் அடியிலிருந்த நோட்டின் ஒரு முனை வெளியே தெரிந்தது. எண்ணெய் படிந்த ஒரு சிறிய கட்டைவிரல் ரேகை. பாத்திரத்தை மறுபடி நடுவுக்குத் தள்ளிவிட்டு, உப்பை எடுக்கக் கையை நீட்டினாள்.