மூன்றாவது பெஞ்ச்

என் கணவர் ஆபேல் சபையில் சாட்சி சொல்ல எழுந்தபோது எனக்குத் தையல்கூடப் பிரித்திருக்கவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தேவாலயத்தில் இன்னமும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் வயிற்றின்மேல் ஒரு குட்டித் தலையணையை அணைத்துக்கொண்டு, ரத்தினபாய் அக்காவின் தோளில் பாதி சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அக்கா பக்கத்துத் தெருக்காரர், என்னைவிட மூத்தவர், வீட்டிலிருந்து தேவாலயத்துக்கு என்னைக் கைப்பிடித்துக் கூட்டிவந்ததும் அவர்தான். ஆபேல் மைக்கை வாங்கினார்.

"என் மனைவி ஞானஜோதிக்கு கர்ப்பப்பைல வந்த கேன்சரை கர்த்தர் வேரோட எடுத்துப் போட்டார். ஒரு துளி மிச்சமில்ல. என் கண்ணால பார்த்தேன்" என்றார்.

சபை ஆமென் என்றது. ரத்தினபாய் அக்கா அழுதார். எனக்கும் கண்ணீர் வந்தது, ஆனால் அதில் முக்கால்வாசி எரிச்சல்.

கண்ணால் பார்த்தது பொய்யில்லை. ஆபரேஷன் முடிந்ததும் வெளியே காத்திருக்கும் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, எடுத்த உறுப்பை ஒரு தட்டில் வைத்துக் காட்டுவது நம் ஆஸ்பத்திரிகளில் வழக்கம். அவரையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். மனிதர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கடைசிவரை ஆள் குடிவராத வீடு, காலி பண்ணத்தான் இவ்வளவு பேர் வந்தார்கள் என்று மயக்கம் தெளிந்ததும் நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் கால் பக்கம் போர்வையை இழுத்துவிட்டார்.

ஆனால் அந்தத் தட்டில் இருந்ததை வெட்டி, துண்டு துண்டாகப் பரிசோதித்து முடிவு சொல்ல இன்னும் நாள் இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் உள்ளே கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பார்த்ததில், மெதுவாக வளர்கிற சாதுவான வகைதான் என்று வந்திருந்தது. அதையும் தட்டையும் கூட்டி இவராக ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். நான் வாழ்நாளெல்லாம் கணக்கு டீச்சர். வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதி, அதன் அடியில் இரண்டு கோடும் போடுகிற பிள்ளைகளை எனக்கு ஆகவே ஆகாது. அப்படிப்பட்ட ஒருவரைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாரமே டாக்டர் தீபலட்சுமி எங்களை வரச் சொன்னார். குரோம்பேட்டைப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டின்மேல் ஆஸ்பத்திரி, மாடி அறையில் பேசினாலும் பஸ்களின் ஹாரன் கூடவே பேசும். டாக்டர் சின்னப் பெண். கெட்ட செய்தியைச் சொல்லும்போது பேனாவை மூடி மூடித் திறந்தார்.

"முழுசா வெட்டிப் பார்த்ததுல, பெரும்பாலான இடத்துல அந்த சாதாரண டைப்தான் ஆன்ட்டி. ஆனா ஒரு மூலைல வேற மாதிரி செல் இருக்கு. வேகமா பரவுற டைப்."

"ஃபர்ஸ்ட் டெஸ்ட்ல அப்படி வரலையே மேடம்" என்றார் ஆபேல். "லேப்ல மாத்தியிருப்பாங்களோ? வேற யாருதாவது இருக்குமோ?"

"ரெண்டுமே ஆன்ட்டியோடதுதான் அங்கிள், ரெண்டுமே கரெக்ட்தான். அன்னிக்கு சுரண்டினப்போ இந்த மூலை அதுல வரல, அவ்வளவுதான்."

"அப்போ ரெண்டு கேன்சரா?"

"ஒண்ணுலேர்ந்து வந்ததுதான். பெருகப் பெருக மரபணு கொஞ்சம் கொஞ்சமா மாறும். ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு விதமா போயிடும். ஒரே கட்டிக்குள்ளயே பல விதம் இருக்கும். நாங்க பயப்படுறது அந்த ஒரு மூலைக்குத்தான். அதுலேர்ந்து ரெண்டு செல் வெளிய போயிருந்தாக்கூட, இப்போ எந்த ஸ்கேன்லயும் தெரியாது. அதனால கீமோ குடுக்கணும், அப்புறம் ரேடியேஷன், அதான் கரண்ட் வைக்கணும். தள்ளிப்போடக் கூடாது."

"எவ்வளவு பெருசும்மா அந்த மூலை?" என்று கேட்டேன்.

அவர் தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார்.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நோட்டுத் திருத்திய அனுபவம். முதல் பெஞ்சில் ஒருத்தி போர்டில் இருக்கிற ஆறை எட்டு என்று எழுதிவிடுவாள். பின்னால் இருப்பவள் அவளைப் பார்த்து எட்டை எழுதி, தன் பங்குக்குக் கூட்டலிலும் ஒரு தப்புப் பண்ணுவாள். மூன்றாவது பெஞ்சுக்குப் போகும்போது கணக்கு என் கணக்கே இல்லை, ஜன்னல் பக்கம் ஒரு விதம், சுவர்ப் பக்கம் ஒரு விதம். ஆனால் அந்த எட்டு மட்டும் எல்லா நோட்டிலும் இருக்கும். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். முதல் பரிசோதனையில் முன்பெஞ்சு நோட்டுகளை மட்டும் வாங்கித் திருத்திவிட்டு, வகுப்பே பரவாயில்லை என்று எழுதியிருக்கிறார்கள். நான்கூட அவசரத்தில் அப்படிச் செய்கிறவள்தான்.

புரிந்ததே தவிர, பயம் போகவில்லை. ஆட்டோவில் என் சுண்டுவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆபேல் என் கையைப் பிடித்துக்கொண்டார். சேலையூர் வரை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கஞ்சி வைத்தார். ஆபரேஷனுக்குப் பிறகு சமையல் அவருடையதுதான். துவையலில் எப்போதும் உப்புத் தூக்கல். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"கொஞ்ச நாள் பாக்கலாமே ஜோதி."

"எதைப் பாக்கறது?"

"நான் கர்த்தருக்கு முன்னாடி சொல்லிட்டேன். ஒரு துளி மிச்சமில்லன்னு. இப்போ போயி கீமோ போட்டா, நான் சொன்னதை நானே நம்பலன்னுதானே அர்த்தம்?"

சபைக்கு முன்னால் கூச்சம், என் முடி கொட்டினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற பயம், அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன். அதற்கென்றால் என்னிடம் பதில் தயாராக இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் அது கூச்சம் இல்லை. என்னை உயிரோடு வைத்திருப்பது தன்னுடைய அந்த வார்த்தைதான் என்று உள்ளுக்குள் நம்பியிருக்கிறார். அதை எடுத்துவிட்டால் நான் போய்விடுவேன் என்று பயப்படுகிறார். அப்படிப்பட்ட மனிதரை எப்படித் திட்டுவது? ஆனாலும் திட்டினேன்.

"நீங்க சொன்னதுக்காக நான் சாக முடியாதுங்க. எனக்கு இருக்கணும்னு ஆசையா இருக்கு. ரொம்ப ஆசையா இருக்கு. வெட்கமில்லாமச் சொல்றேன்."

அவர் எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். அது காலையிலேயே ஊற்றிய செடி.

அடுத்தடுத்த நாட்கள் சண்டையில்லாமல் போயின, அதுதான் கஷ்டமாக இருந்தது. என் மாத்திரைகளை நேரத்துக்கு எடுத்துக்கொடுத்தார், தலை வாரிவிட்டார். முடிச்சு விழுந்த இடத்தில் வலிக்காமல் நுனியிலிருந்து பிரித்தார். சீப்பில் வந்த முடியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சுருட்டிப் போட்டார். புதன்கிழமை ஆரம்பிக்கிறேன் என்று டாக்டரிடம் போனில் நானே சொன்னேன். கூட ஒரு ஆள் கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். சமையலறையில் அவருக்கு அது கேட்டிருக்கும். குழாயை மூடியவர் மறுபடி திறந்தார்.

ரத்தினபாய் அக்காவைக் கூப்பிட்டால் மறுபேச்சில்லாமல் வந்துவிடுவார். ஆனால் எனக்கு ஆபேல்தான் வேண்டும். ஊசி ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்து, துவையலில் உப்பைப் பற்றி நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க அவர்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் வழக்கம்போல, "வேற யாராவது சாட்சி சொல்றீங்களா?" என்று கேட்டார். நான் எழுந்தேன். அக்கா என் முழங்கையைத் தாங்கினார். தையல் பிரித்த இடம் இழுத்தது. மைக் வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. வகுப்பில் பேசிய தொண்டை, கடைசி பெஞ்சு வரை கேட்கும்.

"என் வீட்டுக்காரர் போன தடவை சாட்சி சொன்னாங்க. அது பொய் இல்ல, அவங்க பார்த்ததைத்தான் சொன்னாங்க. ஆனா பார்க்காத ஒரு மூலை இருந்திருக்கு. மோசமான மூலை. கணக்கு இன்னும் முடியல. புதன்கிழமை கீமோ ஆரம்பிக்குது. முடி கொட்டும், யாரும் பயப்படாதீங்க. ஜெபம் பண்ணிக்கோங்க."

யாரும் ஆமென் சொல்லவில்லை. நான் ஆண்கள் பக்கம் திரும்பவில்லை.

"இன்னொண்ணு. கூட வர ஒரு ஆள் வேணும்" என்றேன்.

அக்கா உடனே, "நான் வரேன் டீச்சர்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று குரல்கள் கேட்டன. நான் நன்றி சொல்லவில்லை, உட்காரவும் இல்லை. மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. தூரத்தில் ஒரு மின்சார ரயில் ஸ்டேஷனுக்குள் வரும் சத்தம் கேட்டது.

அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது. இப்போது திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஆபேல் எழுந்து நின்றிருந்தார். விடை தெரியாவிட்டாலும் பெயர் கூப்பிட்டதும் எழுந்துவிடுகிற பையனைப்போல, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, என்னையே பார்த்து நின்றார். நடுவில் பாஸ்டர் மைக்கை நீட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் வருவதா அந்தப் பக்கம் போவதா என்று தெரியாமல் நின்றிருந்தார்.