காடைகளுக்கு மெத்தை

மாமியார் வந்து இறங்கியபோது கையில் ஒரு துணிப்பையும் ஓர் அட்டைப்பெட்டியும் இருந்தன. பெட்டிக்குள் ஆணும் பெண்ணுமாக இரண்டு குட்டிக் காடைகள், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. டெலிபோன் ஆபீசிலிருந்து அவர் ஓய்வு பெற்றபோது, கூட வேலை பார்த்தவர்கள் கொடுத்த பரிசு. இதற்குப் பதில் ஒரு கடிகாரம் கொடுத்திருக்கலாம் என்று மாமியார் சொல்லாத நாள் இல்லை. அவற்றைப் பிரிந்து இருந்த நாளும் இல்லை.

அம்மா இனி தன்னோடேயே இருக்க வேண்டும் என்பது மகளின் ஆசை. பிடிக்காவிட்டால் மாமியார் மூத்த மகள் வீட்டுக்குப் போய்விடுவார். அது வேறு ஊர்.

“அம்மாவுக்கு இங்க வசதியா இருக்கணும். வேற ஒண்ணும் உங்ககிட்ட கேக்கல,” என்று கணவனிடம் சொல்லியிருந்தாள்.

கணவன் சோபா செய்பவன். வசதி என்றால் அவனுக்கு ஒரே அர்த்தம்தான்: ஸ்பாஞ்ச். மாமியாரின் கட்டிலுக்குப் பட்டறையில் இருந்ததிலேயே கனமான மெத்தையைக் கொண்டுவந்து போட்டான். பிறகு காடைகளுக்கு பிளைவுட்டில் வீடு செய்தான். முன்பக்கம் எலி மூக்கு நுழையாத கம்பிவலை. தரையில் ஸ்பாஞ்ச், அதன்மேல் மெரூன் ரெக்சின், ஓரம் சுற்றிலும் சோபாவுக்கு வைப்பதுபோல் பைப்பிங் வைத்த தையல். கடையில் வைத்தால் யாராவது உட்கார்ந்து பார்த்திருப்பார்கள்.

மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. சண்டை ஒன்றுமில்லை, மரியாதைதான். நடுவில் மகள் நின்று இருபக்கத்துப் பேச்சையும் எடுத்துச் சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் இஸ்திரியும் போட்டாள்.

“அதுங்களுக்குக் கால் வழுக்குதுடி,” என்றார் மாமியார் சமையலறையில். “தரை கெட்டியா இருந்தா போதும்னு சொல்லு. பக்குவமா சொல்லு, மாப்பிள்ளை மனசு நோகக் கூடாது.”

மகள் கூடத்துக்கு வந்தாள். “அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம்.”

“இன்னும் ஒரு இஞ்ச் ஏத்தவா?”

“உங்க இஷ்டம்.”

ஏற்றினான். தரை உயர்ந்தது. கூரை இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த வாரம் மாமியார், “படுத்தா மெத்தைக்குள்ள போயிடுறேன். வெளிய இழுக்க ஒரு ஆள் வேணும். இடுப்பு கழண்டு போச்சு,” என்றார்.

“அம்மா நல்லா தூங்கறாங்களாம்,” என்றாள் மகள். அன்று மாலை மெத்தைமேல் இன்னொரு மெத்தை வந்தது.

மாமியார் அதைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மூத்தவள் வீட்டுக்குக் கிளம்புவதாகச் சொன்னார்.

“நான் என்ன குறை வச்சேன்?” என்று கேட்டான் கணவன்.

“ஒண்ணும் இல்லையாம்,” என்றாள் மனைவி. அவள் மூக்கு சிவந்திருந்தது.

ஞாயிறு காலை துணிப்பை வாசலுக்கு வந்தது. வாடகைக் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது.

பயந்தால் காடை ஓடாது. நேராக மேலே எகிறும். டொக் என்றது பிளைவுட். ஓட்டுநர் மறுபடி அடித்தார். மறுபடி டொக். பெண் காடை இறங்கி, ரெக்சினில் கால் பரப்பி உட்கார்ந்துவிட்டது. உச்சந்தலையில் கொஞ்சம் இறகு இல்லை.

மாமியார் மரியாதையை மறந்தார்.

“மாப்பிள்ளை, அது சாஞ்சு உக்கார்ற பறவை இல்ல, எகிறுற பறவை. அடி தலையில படுது. நீங்க மெத்தைய காலுக்குப் போட்டிருக்கீங்க.”

மகள் சுவரைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை காடை வீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். காடைகளை அட்டைப்பெட்டிக்கு மாற்றினான். பிறகு வீட்டைத் தூக்கி அப்படியே தலைகீழாக வைத்தான். ஸ்பாஞ்ச் கூரையானது, பிளைவுட் தரையானது. பட்டறையிலிருந்து மரச்சீவல் அள்ளி வந்து பரப்பினான். காடைகள் புரண்டு குளிக்க மாமியார் ஒரு தட்டில் உலர்ந்த மணல் வைத்தார். ஒளிந்துகொள்ள ஒரு மூலையில் சின்ன மரப்பெட்டியைக் கவிழ்த்தார். கதவுக் கொக்கி மட்டும் இப்போது கீழே இருந்தது.

காடைகள் உள்ளே போயின. ஓட்டுநர் பொறுமையிழந்து ஹாரன் அடித்தார். ஆண் காடை எகிறியது, மெரூனில் முட்டியது, சத்தமில்லாமல் இறங்கியது, தீனியைக் கொத்தத் தொடங்கியது.

“வேலை நல்ல வேலைதான்,” என்றார் மாமியார். “இடம்தான் மாறிப் போச்சு.”

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே அத்தை.”

“தினம் சொன்னேனே.”

இருவரும் திரும்பி மகளைப் பார்த்தார்கள். அவள் காடைகளுக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். இருந்தது.

“அப்படியே என் கட்டில்ல இருக்கறதையும் எடுத்துடுங்க மாப்பிள்ளை. ரெண்டாவது மெத்தை வந்த நாள்லேருந்து நான் தரையிலதான் படுக்கறேன்.”

“ரெண்டு மெத்தையையும் எடுத்து என்ன பண்றது?”

மாமியார் அறையின் கூரையை நிமிர்ந்து பார்த்தார். “எனக்கு எகிறுற பழக்கம் இல்ல. வித்துடுங்க.”

மகள் வெளியே போய்க் காரை அனுப்பிவிட்டு வந்தாள். துணிப்பையை அவளே உள்ளே கொண்டு வைத்தாள்.

அதற்குள் மாமியாருக்கு நேர்ப்பேச்சு பழகிவிட்டது. மாலைக்குள் மாப்பிள்ளையின் மீசை, அவன் செருப்பு விடும் இடம், டீ உறிஞ்சும் சத்தம், கூடத்து சோபாவின் கை உயரம் எல்லாவற்றையும் பற்றி அவனிடமே கருத்துச் சொல்லி முடித்திருந்தார்.

அவன் சமையலறைக்கு வந்து மனைவியிடம் குரலைத் தாழ்த்தினான். “நடுவுல நீ கொஞ்சம் வந்து நிக்கக் கூடாதா?”

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மாவுக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்காம்,” என்றாள்.