சித்தியின் குரல்

தகவல் தொடர்பியல் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு ஒரு கண்டம் உண்டு. இருவர் சேர்ந்து ஓர் ஆவணப்படம் எடுத்தாக வேண்டும். ஆட்களைப் பேசவைப்பதில் கெட்டிக்காரி என்பதால் ஒருத்திக்கு வகுப்பில் ‘மைக்’ என்று பெயர். எடுத்ததை வெட்டி ஒட்டுகிற அவள் தோழிக்கு ‘கத்தரி’. இரண்டும் நகமும் சதையும். ஒருத்தி தும்மினால் மற்றவளுக்கு ஜலதோஷம் என்று வகுப்பே கேலி செய்யும்.

படத்தில் பேச மைக் தேர்ந்தெடுத்தது தன் சித்தியை. சட்டை தைக்கிற ஆலையில் வேலை. அங்கே கழிப்பறைச் சாவி சூப்பர்வைசர் இடுப்பில் தொங்கும். அவசரம் என்றால் அந்த ஆளிடம் போய்க் கெஞ்ச வேண்டும். தூ, அதுவும் ஒரு பிழைப்பா!

“வாயைக் கொடுத்து வேலை போச்சுன்னா, என் புள்ளைங்களுக்கு நீயா சோறு போடுவ?” என்று சித்தி முதலில் மறுத்தாள்.

“முகம் இருட்டுல இருக்கும் சித்தி. குரலையும் மாத்திடுவோம். உனக்கே அடையாளம் தெரியாது. சத்தியமா.”

“சத்தியமெல்லாம் எதுக்குடி? நீ சொன்னா போதும்.”

சித்தி பேசினாள். சாவி கிடைக்காமல் ஒருநாள் உடுத்திய துணியே நனைந்துபோனதைச் சொல்லி அழுதாள். புருஷனிடம்கூடச் சொல்லாத சங்கதி அது.

மைக் எல்லாவற்றையும் கத்தரி கையில் கொடுத்தாள். முடித்த படத்தை ஒருமுறை போட்டுக் காட்டு என்று கேட்கவே இல்லை. கத்தரியைப் போய்ச் சந்தேகப்படுவதா?

திரையிடும் நாளில் அரங்கு நிரம்பி வழிந்தது. முகம் இருட்டில்தான் இருந்தது. குரல் வந்ததும் மைக் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். சித்தியின் குரல், மூக்கை உறிஞ்சுவது உட்பட அப்படியே. விளக்கு எரிந்தபோது பேராசிரியர் கண்ணைத் துடைத்தபடி கைதட்டிக்கொண்டிருந்தார்.

“ஏண்டி இப்படிப் பண்ணின?”

“மாத்திப் பாத்தேன்டி. ரோபோ பேசற மாதிரி இருந்துச்சு. யாருக்கு அழுகை வரும்?”

“சத்தியம் பண்ணியிருக்கோமே!”

“நீ பண்ணின. நானா பண்ணினேன்?” கத்தரிக்குக் கொஞ்சமும் கூசவில்லை. “கேட்டா வேணாம்னு சொல்லுவ, அதான் கேக்கல. நெட்லயும் போட்டாச்சு. டிவி வேலைக்கு அந்த லிங்க்கைத்தான் அனுப்பியிருக்கேன்.”

“எடுத்துடுடி. சித்திக்கு வேலை போயிடும்.”

“எடுத்தா எனக்குப் போயிடுமே.”

அடிப் பாவி! மூன்று வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவள். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது வலிக்கும் என்று மைக்குக்குத் தெரியும். இப்படி வலிக்கும் என்று தெரியாது.

அந்த வாரமே சூப்பர்வைசர் தன் போனில் படத்தைச் சத்தமாக வைத்தான். மிஷின்களை நிறுத்தி எல்லோரையும் கேட்கவைத்தான், துணி நனைந்த இடம் வரைக்கும். நாலு பேர் சிரித்தார்களாம். பிறகு சித்தியை வெளியே அனுப்பிவிட்டான்.

மைக் ஓடினாள். ஆலையில் இருக்க வேண்டிய நேரத்தில் சித்தி வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“சித்தி, நான் இல்ல, அவதான் என்னைக் கேக்காம...”

சித்தி கையை உயர்த்தினாள். “முதல்ல உன் போனை வெளியில வச்சிட்டு வா.”

மைக் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். சித்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பையில வேற எதுவும் ரெக்கார்ட் ஆகலையே?”

மைக் பையைத் தரையில் கவிழ்த்துக் காட்டினாள்.