மாப்பிள்ளைக்கு ஒரு வசவு

நெவில் ட்ரெகார்த்தனின் வாய்க்குப் பூட்டுப் போட்டவள் அவர் மனைவி மெரில். டண்டுல்லா என்ற ஆட்டுப்பண்ணை ஊரில் பலர் ஆசைப்பட்டும் நடக்காத காரியம் அது. அந்த வாய்க்குத் தப்பியவர்கள் ஊரில் யாருமில்லை. பாதிரியாரை 'ஞாயித்துக்கிழமை கூலி' என்பார். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட வரும் நண்பன் டாரில் ஷுல்ட்ஸை 'வெயில்ல மறந்து வெச்ச வெண்ணெய்' என்பார். தன்னையும் விட்டுவைத்ததில்லை. சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து, "நீ மட்டும் கடாவா பொறந்திருந்தா போன சந்தையிலேயே தள்ளிவிட்டிருப்பேன்" என்று சொல்வது மெரில் காதில் பலமுறை விழுந்திருக்கிறது.

ஊர் வழக்கமும் அதுதான். டண்டுல்லாவில் யாராவது உங்களிடம் மரியாதையாகப் பேசினால் நீங்கள் போலீஸ்காரராக இருக்க வேண்டும், இல்லை சாகக் கிடக்க வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் வசவுதான். வசவு வாங்காதவனை இன்னும் ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை என்று பொருள்.

பூட்டுக்குக் காரணம் மகள் பெத்தனி. ஒரே மகள். வேலைக்கென்று அமெரிக்கா போனவள் டென்னஸியில் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்தின்போது இங்கே கடும் வறட்சி. ஆடுகளை விட்டு நகர முடியவில்லை. இப்போது அவள் புருஷனோடு வருகிறாள். கோதுமை அறுவடைக்கு வந்து கிறிஸ்துமஸ் வரை இருப்பார்களாம். "வெஸ்லிக்குப் பிடிச்சிருந்தா அங்கயே இருந்துடலாம்னு பாக்கறோம்பா" என்று தொலைபேசியில் சொன்னாள்.

"உன் ரூம்ல கம்பளி மூட்டை அடுக்கி வெச்சிருக்கேனே" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார் நெவில். அன்று மத்தியானமே மூட்டைகளையெல்லாம் கொட்டகைக்குச் சுமந்து, அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னல் கொசுவலையையும் மாற்றிவிட்டார். மகள் தங்கிவிட வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வதைவிட அவருக்கு அது சுலபமாக இருந்தது.

"நெவ், மாப்பிள்ளகிட்ட உன் வாய வெச்சுக்காத" என்றாள் மெரில். "அமெரிக்காக்காரங்க தொட்டாச்சிணுங்கி. ஒரு வார்த்தை சொன்னா மனசு உடைஞ்சு டாக்டர்கிட்ட போயிடுவாங்க."

"மனசு உடைஞ்சா டாக்டர் என்ன பண்ணுவாரு? கட்டுப் போடுவாரா?"

"அங்க அதுக்குன்னே டாக்டர் இருக்காரு. ஆளுக்கு ஒருத்தர்."

"அப்ப நான் என்னதான் பேசறது?"

"மரியாதையா பேசு."

"அதுக்கு நான் எங்க போவேன்?"

கால்பந்து கிளப்பின் மதுக்கடையில் ஆலோசனை கேட்டார். அங்கே யாரும் அமெரிக்காவைக் கண்டதில்லை. ஆனால் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. அமெரிக்காதான் தினமும் சாயங்காலம் தொலைக்காட்சிப் பெட்டி வழியாக வீட்டுக்குள் வந்து, நாலு பேரைச் சுட்டு, நாலு பேரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போகிறதே.

"சத்தமா பேசுவாங்க. பல்லு எல்லாம் ஒரே அளவா இருக்கும், வேலி நட்ட மாதிரி" என்றார் டாரில்.

"எதப் பாத்தாலும் பிரமாதம்பாங்க" என்றாள் கடையை நடத்தும் பாலின். "ஒருத்தன் வழி தப்பி இங்க வந்தான். என் பூசணிக்கா சூப்பக் குடிச்சுட்டு, ஆயுசுல இப்படி ஒண்ணு குடிச்சதில்லன்னான்."

"அது நெசந்தான், பாலின். நாங்களும் வேற எங்கயும் அப்படிக் குடிச்சதில்ல."

"வாய மூடு, நெவ். அவங்கள கிண்டல் பண்ணா கேஸ் போடுவாங்க, தெரியுமா?"

இப்படியாக ஊரே கூடி ஒரு அமெரிக்கனைத் தயார்செய்து வைத்திருந்தது. வந்தவன்தான் வேறு மாதிரி இருந்தான். ஒல்லியான ஆள். குனிந்து காதைக் கொடுத்தால்தான் கேட்கும்படியான குரல். முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் சாய்ந்து நின்றது.

"ஏமாத்திட்டானே" என்றார் டாரில், பல்லைப் பார்த்துவிட்டு.

அதைவிட மோசம், அவன் நெவிலை 'சார்' என்றான். முதல்முறை கேட்டபோது யார் வந்தார்களென்று நெவில் திரும்பிப் பார்த்தார். டண்டுல்லாவில் கடைசியாக 'சார்' பட்டம் வாங்கியவர் ஒரு நீதிபதி. அவரும் வழக்கு முடிந்ததும் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

வெஸ்லிக்கு மின்சார வேலை தெரியும். வந்த வாரமே, பல வருஷமாக முனகிக்கொண்டிருந்த கொட்டகை விசிறியைக் கழற்றிச் சரிசெய்தான். அதற்கு நெவிலிடம் அருமையான ஒரு வரி இருந்தது. 'விசிறி ஓடுது சரி, இப்ப ஈ எல்லாம் எங்க போய்ப் படுக்கும்?' மெரில் கண்ணைக் காட்டினாள். நெவில் அதை விழுங்கினார்.

"ரொம்ப நன்றி, வெஸ்லி. அருமையான வேலை."

கழுத்து நரம்பு புடைக்க அவர் அதைச் சொல்லி முடித்தார். சொல்லாமல் விழுங்கிய கிண்டல்கள் நாளுக்கு நாள் சேர்ந்து, வயிறு உப்புசமாகவே இருந்தது அவருக்கு.

பிறகு கேட் விவகாரம் வந்தது.

எந்த கேட்டையும், நீ பார்த்தபோது எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போ. திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி. அந்தப் பக்கத்துக் குழந்தைகள் அம்மா என்று சொல்லப் பழகுமுன் பழகும் பாடம் இது. திரும்பி வரத்தானே போகிறோம் என்று வெஸ்லி ஒரு கேட்டைத் திறந்துபோட்டுப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் கடாக்கள் பெட்டை ஆடுகளின் மந்தைக்குள் புகுந்துவிட்டன. மூன்று மாதம் கழித்து நடக்கவேண்டிய சேர்க்கை அது. இனி ஏப்ரலில், ஒரு பச்சைப் புல்கூட இல்லாத காலத்தில், குட்டிகள் விழும்.

வெஸ்லி வெளுத்துப்போய் ஓடிவந்தான். "என் தப்பு, சார்."

நெவில் வாயைத் திறந்தார். இந்தத் தவற்றை டாரில் செய்திருந்தால் அவனுடைய கொள்ளுத்தாத்தாவிலிருந்து ஆரம்பித்திருப்பார். வண்டியிலிருந்து மெரில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்ல, வெஸ்லி. யாருக்கும் நடக்கறதுதான்."

பக்கத்தில் நின்ற டாரில், சவ ஊர்வலத்தைக் கண்டவர்போலத் தொப்பியைக் கழற்றினார். "நெவ், உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று மெதுவாகக் கேட்டார். வெஸ்லி கேட்டை நோக்கி நடந்தான். திட்டு வாங்கியவனின் நடையைவிட மோசமாக இருந்தது அந்த நடை. அதை நெவில் கவனித்தார், ஏனென்றுதான் புரியவில்லை.

சில நாள் கழித்து, கொட்டகையில் நெவில் கம்பளி வெட்டும் கத்தரிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது பெத்தனி வந்து நின்றாள்.

"அப்பா, கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் கிளம்பறோம்."

நெவிலின் கை அப்படியே நின்றது. "ஊரு பிடிக்கலையா அவனுக்கு?"

"ஊரெல்லாம் பிடிச்சிருக்கு. உனக்குத்தான் அவன பிடிக்கல."

"எனக்கா? நான் அவன ஒரு வார்த்தை சொன்னேனா?"

"அதான்பா. ஒரு வார்த்தை சொல்லல. டாரில திட்டற, பாலின திட்டற, பாதிரியார திட்டற. நாயக்கூட உக்காரவெச்சுத் திட்டற. அவன்கிட்ட மட்டும் நன்றி, அருமை, பரவாயில்ல. அவங்க ஊர்ல பிடிக்காதவங்களத்தான் இப்படித் தேன்ல முக்கி எடுப்பாங்க. கடாவ உள்ள விட்டதுக்கு நீ பரவாயில்லன்னியே, அன்னைக்கு அவன் சாப்பிடவே இல்ல. 'உங்கப்பா என்னக் கைகழுவிட்டாரு'ன்னான்."

"அமெரிக்காக்காரங்க தொட்டாச்சிணுங்கின்னு உங்கம்மாதான்…"

"அம்மா எந்த அமெரிக்காக்காரன பாத்தா?"

"டிவில" என்றார் நெவில். சொல்லும்போதே அவருக்கு அது அவ்வளவு பெரிய ஆதாரமாகத் தோன்றவில்லை.

மெரில் அன்றே பூட்டைத் திறந்துவிட்டாள். "திட்டித் தொலை" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஆனால் பூட்டித் துருவேறிய கதவு சொன்னவுடன் திறக்குமா? இரவுச் சாப்பாட்டில் நெவில் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வெஸ்லி, நீ ஒரு…"

எல்லோர் கையும் நின்றது. பெத்தனி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"…நீ ஒரு உருளைக்கிழங்கு எடுத்துக்கோ."

"நன்றி, சார்" என்றான் வெஸ்லி, இன்னும் சோகமாக.

மறுநாள் காலை கொட்டகைக்குப் பின்னால் நாயை வைத்து ஒத்திகை பார்த்தார். நாய் வாலை ஆட்டியது. டாரிலிடம் போய் முறையிட்டார்.

"யோசிச்சு தயார் பண்ண வசவு, ஐஸ்ல வெச்ச மீன் மாதிரிடா" என்றார் டாரில். "அது வயித்துலேருந்து வரணும். உனக்கு வயித்துக்கா பஞ்சம்?"

அந்த நாட்டில் கோடையில் வரும் கிறிஸ்துமஸ் நெருங்கியது. பெத்தனி பெட்டிகளைத் துடைத்து வராந்தாவில் வெயிலில் வைத்திருந்தாள். நெவில் பின்வாசல் வழியாகப் போய்வர ஆரம்பித்தார்.

அந்த வாரத்தில், கொளுத்தும் வெயிலில், ஒரு மந்தையைப் பட்டிக்கு ஓட்டிவர வேண்டியிருந்தது. பின்னாலிருந்து டாரில் மோட்டார் சைக்கிளிலும், வெஸ்லி நாய்களோடு நடந்தும் ஓட்டிவந்தார்கள். கேட்டைத் திறந்துவைக்க நெவில் வண்டியில் முன்னால் போனார். போய்ப் பார்த்தால் கேட் மூடியிருந்தது. மூடியிருந்தது என்றால் போதாது. கடா சம்பவத்துக்குப் பிறகு வெஸ்லி பண்ணையிலுள்ள கேட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கவனித்திருந்தான். இதில் கொக்கி மாட்டி, அதன்மேல் சங்கிலி சுற்றி, சங்கிலியின்மேல் கம்பியைச் சுற்றி, மின்சாரக்காரன் கைவண்ணத்தில் முறுக்கி முறுக்கி மடித்துவிட்டிருந்தான். குறடு வெஸ்லியின் பையில் இருந்தது. வெஸ்லி மந்தைக்குப் பின்னால் இருந்தான்.

ஆடுகள் வந்து முட்டின, நின்றன. ஒன்று திரும்பிப் பார்த்தது. ஒன்று திரும்பினால் போதுமே. மொத்த மந்தையும் திரும்பி, டாரிலுக்கும் வெஸ்லிக்கும் நடுவே புகுந்து, அறுத்துப்போட்ட வயலில் அடிவானம்வரை பரவியது. புழுதி அடங்கியபோது நெவில் கேட்டின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

"டேய் வெஸ்லி! இது கேட்டா, ஜெயிலா? ஆட்டுக்கு வழிய மூடச் சொன்னா ஆட்ட ஆயுள்தண்டனையில போட்டுருக்கியேடா. ஒருநாள் தொறந்து போட்ட, கடாவுக்கெல்லாம் கல்யாணம் ஆச்சு. இன்னொரு நாள் மூடுன, கடவுளே வந்தாலும் வேலி ஏறித்தான் குதிக்கணும். இதுக்கு நடுவுல ஒண்ணு இருக்குடா, அதுக்குப் பேரு கொக்கி. உங்க டென்னஸில கொக்கி இன்னும் வரலையா? நிலாவுக்கு ஆளனுப்புன நாடு, ஒரு கேட்ட மூடத் தெரியல! உன்னச் சொல்லி என்ன, உன்னக் கட்டிக்கிட்டாளே என் பொண்ணு, அவளச் சொல்லணும். அப்படியே அம்மா புத்தி. ஆம்பளையப் பொறுக்கறதுல ரெண்டு பேருக்கும் கண்ணே கிடையாது."

மூச்சு வாங்க நிறுத்தினார். நாய்கள் உட்கார்ந்துவிட்டன. தான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக அவர் காதுக்கே திரும்பி வந்தது. போச்சு, என்று நினைத்தார். திறந்துவிடு என்றால் மடையையே உடைத்துவிட்டோமே. வராந்தாவில் காயும் பெட்டிகள் கண்முன் வந்தன.

வெஸ்லியின் முகம் சிவந்திருந்தது. அவன் மெதுவாக கேட்டருகே வந்தான். தொப்பியைக் கழற்றினான். உதட்டோரம் ஏதோ துடித்து, சாய்ந்த பல் வெளியே தெரிந்தது.

"சார்," என்றான், அதே தணிந்த குரலில், "ஆட்ட ஓட்டத் தெரியாதவங்கதான் கேட்டக் குறை சொல்வாங்க, சார்."

டாரில் சிரித்த சிரிப்பில் மோட்டார் சைக்கிள் சாய்ந்து அவர் காலிலேயே விழுந்தது. நெவில் கேட்டிலிருந்து இறங்கினார். கால்சட்டையிலிருந்த புழுதியை வெகுநேரம் தட்டினார்.

"முதல்ல அந்த சாரக் கீழ போடுடா" என்றார் கடைசியில்.

"பாக்கறேன், சார்."

ஆடுகளை மறுபடி சேர்க்க அன்று பொழுது சரியாகப் போனது. சாயங்காலம் நெவிலும் வெஸ்லியும் கிளப்புக்குள் நுழைவதற்குள் டாரில் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். பாலின் கவுன்ட்டரைத் துடைத்தபடி தலையை நிமிர்த்தினாள். "என்ன குடிக்கற, கொக்கி?"

வெஸ்லி திரும்பிப் பார்க்கவில்லை. தன்னைத்தான் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிந்திருந்தது. "பூசணிக்கா சூப்பத் தவிர எதுன்னாலும் சரி" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை டென்னஸியிலிருந்து அவன் அம்மா லொரேனாவின் அழைப்பு வந்தது. வராந்தாப் படியில் உட்கார்ந்து, காலுறையில் ஒட்டிய புல்விதைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார் நெவில். உள்ளேயிருந்து வெஸ்லியின் குரல், முதல்முறையாகக் குனியாமலே கேட்கும்படி வந்தது.

"ஆமாம்மா, எல்லார் முன்னாடியும் திட்டினாரு. நிலாவுக்கு ஆளனுப்புன நாட்டுக்கு ஒரு கேட்ட மூடத் தெரியலன்னாரு. இல்லம்மா, சந்தோஷமாத்தான் சொல்றேன். இல்ல, நான் குடிக்கல."

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து போனை நீட்டினான். "உங்ககிட்ட பேசணுமாம்."

நெவில் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். "நெவில் பேசறேங்க."

"எம் பையன் அங்க நல்லா இருக்கானா?" மகனுடையதைப்போலவே தணிந்த குரல். கூர்ந்து கேட்க வேண்டியிருந்தது.

நெவில் நிமிர்ந்து பார்த்தார். பெத்தனி வராந்தாவிலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கவலப்படாதீங்கம்மா" என்றார். "உங்க பையன் எதுக்கும் உதவாதவன். எங்ககிட்டயே இருக்கட்டும்."

மெரில் சமையலறை ஜன்னலில் தலையில் கைவைத்து நின்றாள்.

"எதுக்கும் உதவமாட்டான்னு எனக்குத் தெரியாதா" என்றாள் லொரேனா. குரல் லேசாக உடைந்தது, பிறகு தேறியது. "பெத்தவ நான். குறை கண்டுபிடிக்க உங்களுக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்குன்னா, நீங்க எவ்வளவு மந்தமா இருக்கணும்."

நெவில் வாயைத் திறந்தார். புல்விதையைப் பிடுங்குகிறவர்போல் குனிந்துகொண்டு, "சரிங்க சார்" என்றார்.